வீடியோ அழைப்பில் கருத்தடை ஆலோசனை: முதன்முறையாகப் பேசுவோருக்கு

காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒற்றை அறை வீட்டில் வாழ்பவர்களுக்கு, மருத்துவரிடம் அந்தரங்கமாகப் பேச ஓர் இடம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், ஒன்றிய அரசின் இலவச மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியின் செயலியைத் திறக்குமுன் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். மொட்டை மாடி போதும். இயர்போன் மாட்டினால் மருத்துவர் பேசுவது வெளியே கேட்காது. நீங்கள் பேசுவது கேட்கும்.

அடுத்து, ஒரு தாளில் கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி, கடைசிப் பிரசவத்தின் தேதி, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, ஒற்றைத் தலைவலி உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பவற்றை எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது ரத்த அழுத்தத்தைத்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையை, அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், 6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் பொதுவாகத் தருவதில்லை. கேமராவால் அழுத்தத்தை அளக்க முடியாது. முந்தின நாளே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து, 'பி.பி. 118/76' என்பதுபோலத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, இ-சஞ்சீவனியில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபி மூலம் பதிவு செய்து, டோக்கன் பெற்றுக் காத்திருக்க வேண்டும். கணவரின் எண்ணைக் கொடுத்தால் குறுஞ்செய்திகளும் அவருக்கே போகும் என்பதை யோசித்து எண்ணைக் கொடுங்கள்.

மருத்துவர் மாத்திரை எழுதினால், ஒருநாள் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்போதே கேளுங்கள். ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையை முதல் 3 மாதம் வாரத்துக்கு 2 நாளும், பின்னர் வாரத்துக்கு ஒரு நாளும் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கும் மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3 மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' கருத்தடை ஊசிக்கும், கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பொருத்தவும், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கும் நேரில்தான் போக வேண்டும்; வடசென்னையில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. கருக்கலைப்பு மாத்திரையை நேரடிப் பரிசோதனையின்றி வாங்கவே வேண்டாம். பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் சாப்பிடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் சாப்பிட வேண்டியிருப்பதால், டோக்கன் வரிசை நீண்டால் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாத்திரை தொடங்கிய பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, செயலியைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.