மொட்டைமாடியில் ஒரு ஸ்விங் படம்: போட்டுக் காட்டுவதும் கருத்துக் கேட்பதும்

"படம் எப்படி இருந்தது?" என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். டீயும் கொடுத்துப் படமும் காட்டியவரின் முகத்துக்கு நேராக மோசம் என்று சொல்ல எந்த வேலூர்க்காரருக்கும் மனம் வராது. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவார். அந்தப் "பரவாயில்லை"யை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்?

நான் ஆற்காட்டுப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சி தேய்வதைக் கவனித்துக்கொண்டே சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்ததில் பாதி படம், பாதி ஜனங்களின் முதுகு. படம் பிடித்திருக்கிறதா என்பதை முதுகு முதலில் சொல்லிவிடும். இப்போது சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், சிறிய புரொஜெக்டரும் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டியுமாகத் தெருக்காரர்களுக்குப் பழைய படம் காட்டுகிறேன். ஆங்கிலப் பாட்டுப் படம் காட்டிக் கருத்துக் கேட்க நினைப்பவர்களுக்கு, நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் படம். எல்லோரும் கேள்விப்பட்ட பெரிய படத்தை எடுக்காதீர்கள். அதற்குப் புகழே முன்கூட்டிப் பதில் சொல்லிக் கொடுத்துவிடும். நான் எடுத்தது 1940இல் வந்த 'செகண்ட் கோரஸ்'. ஸ்விங் என்கிற அமெரிக்க நடன பேண்டு இசையைச் சுற்றிய படம். நடனத்துக்குப் பேர்போன ஃபிரெட் ஆஸ்டேர், பாலெட் காடார்ட், பர்ஜெஸ் மெரிடித் நடித்தது, ஹெச். சி. பாட்டர் இயக்கியது. கிளாரினெட் மேதை ஆர்ட்டி ஷா ஆர்ட்டி ஷாவாகவே வருகிறார். காடார்டை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்வது சுலபம்: சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் வரும் ஏழைப் பெண் இவர்தான். இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்காவில் இந்தப் படத்தின் பதிப்புரிமையைக் காலத்தில் புதுப்பிக்கவில்லை. அதனால் அங்கே அது யாரும் காட்டக்கூடிய பொதுச் சொத்தாகிவிட்டது. நம் சட்டத்தில் படத்துக்கு உரிமைக் காலம் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். அதுவும் எப்போதோ கடந்துவிட்டது.

பொதுச் சொத்து என்றால் கெட்ட பிரதிகள் நிறைய உலவும். அங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஆஸ்டேர் தன் நடனத்தைத் தலை முதல் பாதம் வரை முழு உருவம் தெரிய, கூடுமானவரை வெட்டாமல் எடுக்கச் சொல்லும் ஆள். அந்தக் காலத்துத் திரை ஏறக்குறையச் சதுரம். இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினால் மேலே தலையும் கீழே பாதமும் வெட்டுப்படும். பாதம் இல்லாத ஆஸ்டேர் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? பக்கவாட்டில் இழுத்துவிட்டாலோ காடார்ட் குள்ளமாகிக் குண்டாகிவிடுவார். ஆகவே கருவியின் அமைப்பில் 4:3 (அகலம் நான்கு, உயரம் மூன்று) என்று வைத்து, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழட்டும் என்று விட்டுவிடுங்கள். பிரதியைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை: நடனக் காட்சியை நிறுத்தி, கறுப்பு ஷூவின் நுனி தரையிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தப் பிரதி வேண்டாம்.

ஒலிக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்று போதும். அதைத் திரைக்குப் பின்னால் வையுங்கள், ஆட்களின் பக்கத்தில் வேண்டாம். கத்திரி மாதமாக இருந்தால் மாலையிலேயே தரையில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நம் ஊர் மாடி இரவு எட்டு மணிக்கும் பாயைத் தாண்டிச் சுடும். சூடு ஏறியவரிடம் நியாயமான கருத்து வராது. கொசுவர்த்தி குறைந்தது இரண்டு கட்டாயம்.

படம் தொடங்குவதற்கு முன் கைதட்டச் சொல்லிக் கொடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நாம் தாளத்தின் முதல் அடியில் தட்டிப் பழகியவர்கள். ஸ்விங் இசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் தட்டு இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டும். அடிக்குள்ளே இருக்கும் நடை ஏறக்குறையத் திஸ்ரம்: மூன்றாகப் பிரித்து முதல் இரண்டையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதைக் குறுக்கிப் போடுவது. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரையும் தட்ட வையுங்கள். முதலில் குழம்புவார்கள், சிரிப்பார்கள், பிறகு யாரோ ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளும், மற்றவர்கள் அதைப் பார்த்துத் தட்டுவார்கள். இந்தச் சின்னப் பயிற்சி இல்லாமல் உட்காரவைத்தால் எல்லாப் பாட்டும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். கிளாரினெட்டுக்கு முன்னுரை தேவையில்லை. ஏ.கே.சி. நடராஜன் அதில் கர்நாடக சங்கீதமே வாசித்த மண் இது.

கதையை ஐந்து நிமிடத்தில் தமிழில் சொல்லிவிடுங்கள். கல்லூரி பேண்டில் வரும் வருமானத்தை விட மனமில்லாமல் ஏழு வருடமாக வேண்டுமென்றே தேர்வில் தோற்கும் இரண்டு டிரம்பெட்காரர்கள். அவர்களுடைய பேண்டுக்கு மேனேஜராக வரும் பெண். அவளை ஆர்ட்டி ஷா தன் பக்கம் அழைத்துக்கொள்ள, இவர்களும் நியூயார்க்குக்குப் பின்னாலேயே போய் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுகிறார்கள். மாண்டலின் வாசிக்க ஆசைப்படும் பணக்காரர் ஒருவரும் உண்டு. இவ்வளவு போதும். நடுவில் நகைச்சுவையை மொழிபெயர்க்க முயலாதீர்கள். நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த பாட்டு பாதி போய்விடும்.

படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான், இடைவேளை கிடையாது. நீங்களாக ஓர் இடைவேளை விடுங்கள். கதை நியூயார்க்குக்கு மாறும் இடம் தோதானது. இடைவேளையில் டீ கொடுத்துக்கொண்டே கேட்பதுதான் உண்மையான கருத்து. முடிந்த பிறகு எல்லோருக்கும் வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்ற நினைப்பு வந்துவிடும்.

எதைக் கேட்பது? இடத்தைக் கேளுங்கள். எந்தப் பாட்டில் கால் ஆடியது, எங்கே போனை எடுத்துப் பார்த்தீர்கள், யார் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அவரவர் தொழிலை வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. கொசப்பேட்டையிலிருந்து வந்திருந்த பேண்டு செட் டிரம்பெட்காரர் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஐயா, அந்த ஆள் வால்வை அமுக்குவது ஒன்று, கேட்பது ஒன்று" என்றார். சரியாகத்தான் பிடித்தார்: ஆஸ்டேருக்காகத் திரைக்குப் பின்னால் டிரம்பெட் ஊதியது பாபி ஹாக்கெட், மெரிடித்துக்காக ஊதியது பில்லி பட்டர்ஃபீல்ட். நான் சொன்னதும், ஹாக்கெட் ஊதும் இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பீடி சுற்றும் அக்கா ஒருவர், "அந்தப் பெண்தான் நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கிறாள், இந்த இரண்டு பேரும் உட்கார்ந்து கெடுக்கிறார்கள்" என்று கோபப்பட்டார். படத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான விமர்சனம் அது. ஆஸ்டேருக்கு அப்போது 41 வயது, கல்லூரி மாணவர் வேடம்; வெளிநாட்டில் இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எங்கள் மாடியில் ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நாம் பார்க்காத கல்லூரி மாணவரா! ஆர்ட்டி ஷா முகத்தில் ஒன்றும் ஓடவில்லை என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். கிளாரினெட்டை வாயில் வைத்ததும் அவர்களே மன்னித்துவிட்டார்கள். கடைசியில் ஆஸ்டேர் பேண்டை நடத்திக்கொண்டே ஆடும் இடத்தில் பாலிடெக்னிக் பையன்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் மாமாவுக்குச் சந்திரபாபு நினைவு வந்தது.

ஒரு செய்தியை மட்டும் கடைசிவரை ஒளித்து வையுங்கள்: தன் படங்களிலேயே மோசமானது இதுதான் என்று ஆஸ்டேரே பின்னாளில் சொன்னார். முன்னால் சொன்னீர்களோ, எல்லோரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். கருத்தெல்லாம் வாங்கிய பிறகு சொல்லுங்கள்; கூடவே பின்னணி இசைக்கும் ஒரு பாட்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததையும் சொல்லுங்கள். அப்போதுதான் சண்டை சூடு பிடிக்கும். "அவர் சொல்லிவிட்டால் ஆயிற்றா? பார்த்தது நாங்கள்" என்றார் பீடி அக்கா.

எழுதும்போது யார் பேச்சையும் சராசரி ஆக்காதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவரவர் சொன்ன வாக்கியத்தை அவரவர் தொழிலோடு அப்படியே எழுதுங்கள். தூங்கிவிட்டவரையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் காட்சியில் தலை சாய்ந்தது என்பதைப் பின்வரிசையில் இருந்தவரிடம் கேட்டு, அந்தப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.