‘நான் யார்?’ என்னும் விசாரத்தைப் பயிலும் முறை

‘நான்’ என்பது எது என்று தன்னுள்ளேயே ஆராயும் ஆன்ம விசாரத்தில் இறங்குகிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே சலித்துப்போகிறார்கள். ‘நான் யார்?’ என்பதை அவர்கள் விடை எதிர்பார்க்கும் கேள்வியாக எடுத்துக்கொள்வதுதான் அதற்கு முக்கியமான காரணம். ‘நான் ஆன்மா’, ‘நான் பிரம்மம்’, ‘நான் சச்சிதானந்தம்’ என்று படித்து வைத்த விடைகள் ஏற்கெனவே கைவசம் இருப்பதால், கேட்ட கணமே மனம் அவற்றுள் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறது. விசாரத்தில் கேள்வி ஒரு கருவி மட்டுமே. வெளியே ஓடிக்கொண்டிருக்கும் கவனத்தை, யாருடைய கவனமோ அவரிடமே திருப்புவதுதான் அதன் வேலை.

இந்த முறையை இன்று நாம் அறிந்திருக்கும் வடிவில் வகுத்தளித்தவர் ரமண மகரிஷி. 1901-02 காலத்தில், திருவண்ணாமலையில் விரூபாட்சி குகையில் பெரும்பாலும் பேசாமல் இருந்த அவரிடம், தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை சில கேள்விகளைக் கேட்டார். எழுத்து மூலமாக வந்த விடைகளைப் பிள்ளை பாதுகாத்து வைத்தார். அவை 1923இல் ‘நான் யார்?’ என்ற நூலாக அச்சேறின. பிற்பாடு ரமணரே அவற்றைத் தொடர் கட்டுரையாகத் திருத்தி எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் படித்துவிடக்கூடிய அளவே உள்ள கட்டுரை அது. தமிழிலேயே பிறந்த அந்த உரைநடையை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்புகளின் மொழிபெயர்ப்பாக வரும் விளக்கங்களில் தமிழர்களே தொடங்குவது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

பயிற்சிக்கு முன் ஒருமுறையேனும் செய்துபார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் தேவர்களின் சார்பில் இந்திரனும் அசுரர்களின் சார்பில் விரோசனனும் ஆன்மாவை அறியப் படைப்புக் கடவுளான பிரஜாபதியிடம் வருகிறார்கள். 32 ஆண்டுகள் தங்கிய பின் நீரில் தெரியும் உருவத்தைப் பார்க்கச் சொல்கிறார் அவர். உடலே ஆன்மா என்று நினைத்து விரோசனன் நிறைவோடு போய்விடுகிறான். இந்திரனுக்கோ திரும்பும் வழியிலேயே ஐயம் எழுகிறது: உடல் குருடானால் அதுவும் குருடாகும், உடல் அழிந்தால் அதுவும் அழியும், இதில் என்ன பயன்? அவன் திரும்பி வருகிறான். கனவில் உலவுபவனே ஆன்மா என்கிறார் பிரஜாபதி. கனவிலும் அச்சமும் அழுகையும் உண்டே என்று மறுபடி வருகிறான். ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பதே ஆன்மா என்கிறார். அங்கே ‘இது நான்’ என்ற அறிவுகூட இல்லையே என்று மீண்டும் வருகிறான். இப்படி மொத்தம் 101 ஆண்டுகள் ஆகின்றன. இந்திரன் ஒவ்வொரு முறையும் கையாண்ட சோதனையை நாமும் கையாளலாம். ‘நான்’ என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றையும் எடுத்து, அது வந்துபோவதா, அது மாறும்போதும் மாறாமல் அதை அறிந்துகொண்டிருப்பது ஒன்று உண்டா என்று பார்க்க வேண்டும். பத்து வயதில் இருந்த உடல் இன்று இல்லை. காலையில் இருந்த மனநிலை இப்போது இல்லை. நேற்று உறுதியாக நம்பிய கருத்துகூட இன்று தளர்ந்திருக்கலாம். இவை அத்தனையும் ‘என்னுடையவை’ என்று அறியப்பட்டவை. அறியப்படும் பொருள் அறிகிறவனாக இருக்க முடியாது.

தைத்திரீய உபநிடதம் அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்று ஐந்து கோசங்களை, அதாவது ஆன்மாவை மூடியிருக்கும் உறைகளை, சொல்வதும் இந்த ஆய்வுக்கு உதவுவதற்கே. ஆனால் ‘உடல் நானல்ல, மனம் நானல்ல’ என்று தள்ளிக்கொண்டே போவதும் மனத்தின் வேலைதான் என்பதை மறந்துவிடக்கூடாது. ‘நான் இதுவல்ல, அதுவே நான்’ என்று எண்ணுவது விசாரத்துக்குத் துணையாகுமே தவிர, அதுவே விசாரமாகாது என்பது ரமணரின் தெளிவான நிலைப்பாடு. ஆகவே இந்த ஆய்வைத் தெளிவு கிடைக்கும்வரை செய்துவிட்டு, பிறகு ஒதுக்கி வைத்துவிடலாம்.

இனி பயிற்சி. அமரும் முறைக்குக் கண்டிப்பான விதி எதுவும் இல்லை; முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். மனம் மிகவும் அலைந்தால் சில நிமிடங்கள் மூச்சு வந்துபோவதைக் கவனித்தால் போதும், அது அடங்கும். மனத்துக்கும் மூச்சுக்கும் பிறப்பிடம் ஒன்றே என்பதால் ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்குகிறது என்று விளக்குகிறார்கள். அந்த அடக்கம் மூச்சு அடங்கியிருக்கும்வரை மட்டுமே நீடிக்கும் என்பதால், அதை வாயிலாகக் கொள்ள வேண்டுமே தவிர அங்கேயே தங்கிவிடக்கூடாது.

மனம் ஓரளவு தணிந்ததும் எண்ணங்களை எதிர்க்காமல் காத்திருங்கள். ஒன்று நிச்சயம் வரும்: கட்ட வேண்டிய தவணையோ, பாதியில் நின்ற ஒரு பேச்சோ. அதன் பின்னே போகாமல், அதை முழுமையாக்கவும் முயலாமல், ‘இந்த எண்ணம் யாருக்கு வந்தது?’ என்று கேளுங்கள். ‘எனக்கு’ என்று தானாகவே தோன்றும். அந்த ‘எனக்கு’ என்பதில் இருக்கும் ‘நான்’ என்ற உணர்விடம் கவனத்தைத் திருப்பி, ‘இந்த நான் யார்?’ என்று நோக்கி, சொல்லை விட்டுவிட்டு அந்த உணர்விலேயே நில்லுங்கள். இப்படித் திருப்பிய கணத்தில், வந்த எண்ணம் தொடர ஆளில்லாமல் அடங்கிவிடுவதைக் காணலாம். அடுத்த நொடி இன்னொன்று கிளம்பும், அதற்கும் இதுவேதான். எத்தனை எண்ணங்கள் வந்தாலும் எண்ணிக்கை பார்க்க வேண்டியதில்லை. எல்லா எண்ணங்களுக்கும் முதலாவதாக எழுவது ‘நான்’ என்ற எண்ணமே என்பதும், அதன் பிறப்பிடத்தை நாடினால் மற்றவை ஊன்றிக்கொள்ள இடமின்றிப் போகும் என்பதும்தான் இந்த முறையின் அடிப்படை. கேள்வியும் நிலைத்திருப்பதல்ல, பிணஞ்சுடு தடியைப் போல அது மற்ற எண்ணங்களை எரித்து முடிவில் தானும் எரிந்துபோகும் என்பார் ரமணர்.

இங்கே சில வழுக்கல்கள் உண்டு. ‘நான் யார், நான் யார்’ என்று உதடுகளாலோ மனத்தாலோ சொல்லிக்கொண்டே இருந்தால் அது செபமாகிவிடும். செபம் நல்லதே, ஆனால் விசாரம் அதுவன்று. இன்னும் நுட்பமானது ‘சாட்சி’ என்ற கற்பனை. தலைக்குப் பின்புறம் யாரோ ஒருவர் அமைதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்ற ஒரு தோற்றத்தை மனம் உருவாக்கித் தரும். ‘சாட்சியைக் கண்டுவிட்டேன்’ என்று மகிழ்கிறவர்கள், அந்தச் சாட்சியையும் காண்பவர் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதேபோல, ஆன்மிக இதயம் மார்பின் வலப்பக்கம் என்று ரமணர் சொன்னதுண்டு என்பதற்காக, அந்த இடத்தில் ஒளியையோ துடிப்பையோ தேடிக்கொண்டிருப்பதும் கவனத்தை மறுபடி ஒரு பொருளின்மீது வைப்பதே ஆகும்.

இன்னொரு வழுக்கல், உறக்கம் போன்ற ஓர் அமைதி. எண்ணமே இல்லை, இனிமையாக இருக்கிறது, நேரம் போனதே தெரியவில்லை என்பார்கள். இதை ‘இலயம்’ என்றும், மனம் திரும்ப எழாதபடி ஒழிவதை ‘நாசம்’ என்றும் ரமணர் பாடிய உபதேச உந்தியார் பிரித்துக் காட்டுகிறது. கங்கைக் கரையில் தண்ணீர் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்து, நெடுங்காலம் கழித்து விழித்ததும் ‘தண்ணீர் எங்கே?’ என்று சினந்த ஒரு யோகியின் கதையை ரமணர் இதற்குச் சொல்வதுண்டு. அடங்கியதற்குமுன் இருந்த வேட்கை அப்படியே காத்திருந்தது என்பதே கதையின் கருத்து. ஆகவே அமைதி கிடைத்ததும் ஓய்ந்துவிடாமல், ‘இந்த அமைதியை அறிவது யார்?’ என்று கூர்மையோடு இருக்க வேண்டும்.

அமர்ந்து செய்வதைவிடப் பலனுள்ளவையாக இரண்டு சமயங்களை நான் கருதுகிறேன். ஒன்று, உறக்கம் கலைந்து உடல், பெயர், இன்றைய வேலை ஆகியவை நினைவுக்கு வருவதற்கு முந்தைய அந்தச் சிறு இடைவேளை; ‘நான் இருக்கிறேன்’ என்ற உணர்வு வேறு எதனோடும் ஒட்டாமல் அப்போது துலக்கமாக இருக்கும். மற்றொன்று, மனம் புண்படும் சமயம். வங்கி வரிசையில் ஒருவர் இடையில் புகுந்துவிடுகிறார். ‘என்னை மதிக்கவில்லை’ என்று சினம் எழுகிறது. மதிக்கப்படாதது உடலா, பெயரா, பதவியா, நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் ஒரு படமா? சினம் சூடாக இருக்கும்போதே இதைப் பார்த்தால், உட்கார்ந்து கண்மூடும்போது பிடிபடாத அகந்தை அங்கே நன்றாகப் பிடிபடும். பார்த்த பிறகு ‘ஐயா, வரிசையில் வாருங்கள்’ என்று சொல்வதற்கு விசாரம் தடையில்லை.

இந்தப் பயிற்சியின் பின்னணியிலுள்ள, ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்துவைத முடிவை எல்லாரும் ஏற்பதில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் சித்தத்தின் விருத்திகள் (மனத்தின் அலைவுகள்) அடங்கும்போது காண்பவன் தன் சொந்த நிலையில் நிற்கிறான் என்று தொடக்கத்திலேயே சொன்னாலும், அப்படிக் காண்பவர்களான புருடர்கள் பலர் என்பதும் அவர்கள் பிரகிருதியிலிருந்து (சடமான இயற்கையிலிருந்து) வேறானவர்கள் என்பதும் அதன் கொள்கை. இராமானுசருக்குச் சீவன் இறைவனின் உடலாக, அவனுக்கே உரியதாக இருப்பது. சைவ சித்தாந்தத்தில் உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. பாசத்தை (கட்டை) சார்ந்தால் பாசமாகவும் பதியை (இறைவனை) சார்ந்தால் சிவமாகவும் விளங்குமே தவிர, உயிரே பதி என்று அது சொல்வதில்லை. இவையெல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்று மழுப்புவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ‘நாம்’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அகந்தை உண்மையில் நாம் அல்ல என்பதில் இவற்றுக்குள் பிணக்கு இல்லாததால், எந்த நெறியினரும் விசாரத்தின் முதற்பகுதியைத் தயங்காமல் செய்துபார்க்கலாம்.

எத்தனை முயன்றும் விசாரம் வறட்சியாகவே தோன்றுகிறவர்களுக்கு ரமணர் காட்டிய மற்றொரு வழி சரணாகதி: ‘நான் யார்?’ என்று விசாரி, முடியாவிட்டால் அந்த நானை இறைவனிடம் ஒப்படைத்துவிடு என்பதே அவர் பலருக்கும் சொன்னது. பெருந்துயரிலோ கடும் மனச்சோர்விலோ இருப்பவர்கள், தம்மையே கூர்ந்து நோக்கும் இந்தப் பயிற்சியைத் தனியாகத் தொடங்காமல், முதலில் மருத்துவரின் துணையை நாடி, அதுவரை பழகிய வழிபாட்டையோ பாராயணத்தையோ தொடர்வது நல்லது.