ஆப்டோமெட்ரி பிஎச்டி: முதல் பேஷண்ட் வர்றதுக்கு முன்னாடியே நடக்குற தப்புகள்

ஆப்டோமெட்ரில (கண் பரிசோதனை, பார்வைத் திருத்தம் பத்தின படிப்பு) பி.ஆப்டோம் இல்ல எம்.ஆப்டோம் முடிச்சிட்டு ரிசர்ச் பக்கம் போகலாம்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிங்க பெரும்பாலும் முதல்ல கேக்குறது "எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணலாம்?"னு தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைங்க. சிட்னில யுஎன்எஸ்டபிள்யூ, ஹாங்காங்ல பாலிடெக்னிக் யுனிவர்சிட்டி, கனடால வாட்டர்லூ, சென்னைல எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி, ஹைதராபாத்ல எல்.வி.பிரசாத், எல்லாமே நல்ல இடம் தான், ஆனா லோ விஷன்ல (கண்ணாடி போட்டும் சரியாகாத பார்வைக் குறைவு) உயிரா இருக்குற ஒருத்தர் ஸ்காலர்ஷிப் கிடைக்குதேன்னு கான்டாக்ட் லென்ஸ் லேப்ல போய் சேர்ந்தா மூணு நாலு வருஷம் ரொம்ப நீளமா இருக்கும். முதல்ல உங்க கேள்வி என்னன்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் அந்தக் கேள்வில யாரு வேலை செய்றாங்கன்னு பாருங்க, நாடு தானா வந்துரும்.

சூப்பர்வைசருக்கு மெயில் போடும்போது ஒரே லெட்டரை இருபது பேருக்கு அனுப்பாதீங்க. அவங்க சமீபத்துல எழுதின ரெண்டு மூணு பேப்பரை உண்மையிலேயே படிச்சிட்டு, அதுல உங்களுக்கு எழுந்த ஒரு சந்தேகத்தை அரைப் பக்கத்துல எழுதினாலே போதும். அதே லேப்ல இப்ப படிக்கிற ஸ்டூடண்ட் ஒருத்தர்கிட்டயும் பேசுங்க, சூப்பர்வைசர் டிராஃப்டைப் படிச்சுத் திருப்பித் தர எவ்வளவு நாளாகுது, இதுவரை சேர்ந்தவங்க முடிச்சாங்களா பாதில போனாங்களா, இதெல்லாம் எந்த வெப்சைட்லயும் போட மாட்டாங்க.

இன்னொரு பெரிய குழப்பம் டிகிரி பேர்ல. அமெரிக்காவுல குடுக்குற ஓடி (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) கிளினிக்ல பிராக்டிஸ் பண்றதுக்கான டிகிரி, அது ரிசர்ச் டிகிரி இல்ல. அதே மாதிரி ஆஸ்திரேலியாவுல பிஎச்டி வாங்கிட்டா அங்கேயே பேஷண்ட் பாக்கலாம்னு நினைச்சுக் குடும்பத்தோட கிளம்பாதீங்க, வெளிநாட்டுல ஆப்டோமெட்ரி படிச்சவங்க அங்க ரெஜிஸ்டர் ஆகணும்னா ஆப்டோமெட்ரி கவுன்சில் வழியா தனியா அசெஸ்மெண்ட், எக்ஸாம் எல்லாம் இருக்கு, பிஎச்டி அதுக்கு மாற்று ஆகாது. கிளினிக் வருமானத்தை நம்பி லோன் வாங்குறதா இருந்தா இதை முதல்லயே தெரிஞ்சுக்கணும்.

இந்தியாவுல பண்றவங்களுக்கு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பிஎச்டிக்குக் குறைஞ்சது 3 வருஷம், பொதுவா அதிகபட்சம் 6 வருஷம், எம்ஃபில் அட்மிஷன் நிறுத்தியாச்சு. நாலு வருஷ பேச்சிலர்ஸ்ல 75 சதவீதம் இருந்தா நேரா பிஎச்டிக்கு வரலாம்னும் அதுல இருக்கு, ஆனா நம்ம பி.ஆப்டோம் கோர்ஸ்ல பெரும்பாலும் நாலாவது வருஷம் இன்டர்ன்ஷிப்பா இருந்திருக்கு, அதைக் கணக்குல எடுத்துப்பாங்களான்னு அந்த யுனிவர்சிட்டிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

இப்ப டேட்டா விஷயம். எனக்கு நிஜமாவே கவலை தர்றது இது தான். 50 பேரைப் பாத்துட்டு "100 கண்கள்"னு எழுதுறது. ஒருத்தரோட வலது கண்ணும் இடது கண்ணும் ரெண்டு தனி ஆளு இல்ல, பவர், ஆக்ஸியல் லெங்த் (கண்ணோட முன்பின் நீளம்), கண் பிரஷர் எல்லாமே ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணா தான் போகும். அதைத் தனித்தனியா எண்ணினா சாம்பிள் பெருசா இருக்குற மாதிரி தெரியும், பி வேல்யூ (சின்னதா இருந்தா வித்தியாசம் தற்செயல் இல்லன்னு எடுத்துக்குற எண்) பொய்யா சின்னதா வரும், இல்லாத வித்தியாசம் இருக்குற மாதிரி ஆகிடும். ஒரு கண்ணை மட்டும் ரேண்டமா எடுங்க, இல்ல ரெண்டையும் வச்சு, ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு கணக்குல எடுத்துக்குற மிக்ஸட் மாடல் போடுங்க, எதுவா இருந்தாலும் புரோட்டோகால்லயே (ஆய்வுத் திட்டம்) எழுதிடுங்க. ஸ்டாட்டிஸ்டிஷியன்கிட்ட டேட்டா முடிஞ்சப்புறம் எக்செல் ஷீட்டைத் தூக்கிட்டுப் போறது வீடு கட்டினப்புறம் மேஸ்திரிகிட்ட அஸ்திவாரம் கேக்குற மாதிரி தான், அவரால ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்து, ரெண்டு மெஷினோட ரீடிங் ஒத்துப்போகுதான்னு பாக்குறது. கண் பவரை அளக்குற புது ஆட்டோரிஃப்ராக்டர் மெஷின் ஒண்ணு எல்லாருக்கும் சரியா 1 டயாப்டர் (பவரோட அளவு) மைனஸ் அதிகமா காட்டுதுன்னு வைங்க, பழைய மெஷினோட கோரிலேஷன் (ரெண்டும் சேர்ந்து ஏறி இறங்குதான்னு பாக்குற எண்) போட்டா அப்பவும் 1 தான் வரும், ஆனா அந்த ரீடிங்ல கண்ணாடி எழுதிக் குடுக்க முடியுமா? அதுக்குத் தான் பிளாண்ட், ஆல்ட்மன்னு ரெண்டு ஸ்டாட்டிஸ்டிஷியன்கள் 1986ல வித்தியாசங்களை நேரா பாக்குற முறையை எழுதி வச்சாங்க. இன்னமும் வெறும் கோரிலேஷனோட தீசிஸ் வருது, மனசு வலிக்குது.

குழந்தைங்க மயோபியால (கிட்டப்பார்வை) வேலை பண்றவங்க, கண்ணோட ஃபோகஸ் தசையைத் தளர்த்துற டிராப்ஸ் போடாம ரிஃப்ராக்ஷன் (பவர் டெஸ்ட்) எடுத்துட்டு மயோபியா இத்தனை சதவீதம்னு எழுதாதீங்க. மைனஸ் 0.50ன்ற அளவுகோலே அக்காமடேஷன் (பக்கத்துல பாக்க கண்ணு ஃபோகஸ் பண்றது) தளர்ந்த நிலைக்குச் சொன்னது, டிராப்ஸால அப்படித் தளர்த்துற சைக்ளோபிளீஜியா இல்லாம பாத்தா மயோபியா இல்லாத குழந்தையும் அந்தக் கணக்குல வந்துரும். பவர் மட்டும் போதும், ஆக்ஸியல் லெங்த் வேணாம்னு விடுறதும் ஆபத்து. ஹாங்காங்ல பண்ணி 2019ல வந்த, மயோபியா ஏறாம இருக்க அட்ரோபின் சொட்டு மருந்து குடுத்துப் பாத்த லாம்ப் ஆய்வோட முதல் வருஷ முடிவுல 0.01 சதவீத அட்ரோபின் போட்ட குழந்தைங்களுக்குப் பவர் ஏறுறது பிளாசிபோ (மருந்தில்லாத வெறும் சொட்டு) போட்டவங்களை விடக் குறைஞ்சுது, ஆனா கண்ணோட நீளம் வளர்றதுல தெளிவான வித்தியாசம் தெரியல. நீளத்தை அளக்காம விட்டிருந்தா பாதி கதை தான் கிடைச்சிருக்கும்.

ஆறு மாச ஃபாலோ அப்போட நிறுத்துறதும் சரி வராது. மயோபியா ஏறுறது சீசனுக்குச் சீசன் மாறும், பரீட்சை மாசத்துல ஆரம்பிச்சு பெரிய லீவோட முடிச்சா நீங்க அளந்தது நீங்க குடுத்த லென்ஸோட வேலையா லீவோட வேலையான்னு பிரிக்க முடியாது, முழுசா ஒரு வருஷமாவது வேணும். அதோட எதிர்ப்பக்கம், 3 வருஷ ஸ்காலர்ஷிப்ல 2 வருஷ ஃபாலோ அப் போட்டு வைக்கிறது. எத்திக்ஸ் கமிட்டி ஒரு திருத்தம் கேட்டாலே மாசக்கணக்கு போகும், ஸ்கூல் பர்மிஷன், பேரண்ட்ஸ் கையெழுத்துன்னு ஆரம்பிக்கவே ஒரு வருஷம் ஆகிடும், மிச்சம் எழுதுறதுக்கு நேரமே இருக்காது. ட்ரையல்னா (சிகிச்சை குடுத்துப் பாக்குற ஆய்வு) சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவோட கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டுல, ரெஜிஸ்ட்ரேஷனை அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க, 2018 ஏப்ரல்ல இருந்து முதல் ஆளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே பதியணும், நல்ல ஜர்னலும் அந்த நம்பரையும் தேதியையும் கேக்கும். நீண்ட ஃபாலோ அப் தான் உங்க கேள்விக்குத் தேவைன்னா, சூப்பர்வைசர்கிட்ட ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்குற ஒரு கோஹோர்ட்ல (ஒரே குழுவை வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்குற ஆய்வு) சேர முடியுமான்னு பிஎச்டில சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.