அடிமை இழப்பீட்டு வழக்குகளைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

இழப்பீடு என்றதும் நமக்குத் தோன்றுவது, இழந்தவர் கைக்குப் போகும் பணம். விபத்தில் கால் போனவருக்கு, சாலைக்கு நிலம் கொடுத்தவருக்குக் கிடைப்பது. அதனால்தான் பிரிட்டிஷ் அடிமை ஒழிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். "விடுதலையான அடிமைகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது" என்ற வாக்கியத்தை மாணவர் கட்டுரைகளில் எத்தனையோ முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பணம் போனது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. இதற்காக அரசு வாங்கிய கடன் முழுசாக அடைந்தது 2015இல். அதாவது, அடிமைகளின் வம்சத்தில் வந்து பிரிட்டனில் வாழ்கிறவர்கள் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்தது தேதி. 1834 ஆகஸ்ட் 1 அன்று எல்லோரும் சுதந்திரமடைந்தார்கள் என்று எழுதாதீர்கள். பெரும்பாலான காலனிகளில் அன்று உடனே விடுதலை பெற்றவர்கள் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டுமே. மற்றவர்களை 'அப்ரண்டிஸ்', அதாவது தொழில் பழகுநர் என்று பெயர் மாற்றி, வாரத்துக்கு 45 மணி நேரம் வரை பழைய எஜமானருக்கே கூலியில்லாமல் வேலை செய்ய வைத்தார்கள். பெரும்பாலான கரீபியன் தீவுகளில் அது 1838 ஆகஸ்ட் 1 வரை நீடித்தது. மொரீஷியஸில் எல்லாமே சற்றுத் தாமதம்: 1835இல் தொடங்கி 1839இல் முடிந்தது. ஆன்டிகுவாவும் பெர்முடாவும் மட்டும் இந்த இடைக்கட்டமே வேண்டாம் என்று நேராக விடுதலை கொடுத்தன.

ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைப் போட்டுப் பெருக்குவதும் தவறு. 1822 முதல் 1830 வரை ஒவ்வொரு காலனியிலும் மனிதர்கள் என்ன விலைக்கு விற்கப்பட்டார்கள் என்று சராசரி பார்த்து, அந்தக் கணக்கில்தான் 2 கோடியை 19 காலனிகளுக்குப் பிரித்தார்கள். ஆகவே பிரிட்டிஷ் கயானாவில் தலைக்குச் சராசரி 50 பவுண்டைத் தாண்டியது. ஜமைக்காவில் 20 பவுண்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. வயல் வேலைக்காரர், வீட்டு வேலைக்காரர், கைத்தொழில் தெரிந்தவர் என்று வகைக்கு ஒரு விலை வேறு.

இப்போது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தரவுத்தளத்தில் இழப்பீடு கேட்டவர்களின் பெயர்களை யார் வேண்டுமானாலும் தேடலாம். அங்கேயும் அவசரம் கூடாது. பெயர் இருக்கிறது என்பதாலேயே அவர் பணம் வாங்கினார் என்று முடிவு கட்டிவிட முடியாது. மனுப் போட்டுத் தோற்றவர்களும் அதில் உண்டு. இறந்தவரின் உயிலை நிறைவேற்ற வந்தவர்களும், அறங்காவலர்களும், அடமானம் பிடித்திருந்த லண்டன் வணிகர்களும் உண்டு. பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் தோட்ட முதலாளிகள் என்று நினைப்பதும் சரியல்ல. ஒன்றிரண்டு பேரை வாடகைக்கு விட்டுப் பிழைத்த விதவைகளும், பாதிரியார்களும் அதே பட்டியலில் வருகிறார்கள்.

இங்கேதான் மேல்முறையீடுகள் வருகின்றன. இழப்பீட்டு ஆணையத்தை நீதிமன்றம் என்று எழுதிவிடுகிறார்கள். அது இழப்பீட்டு மனுக்களை விசாரிக்க இந்தச் சட்டத்துக்காக அமைத்த ஆணையம். அதன் தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் லண்டனில் மன்னரின் பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது காலனிகளிலிருந்து வரும் மேல்முறையீடுகளைக் கேட்ட ஆலோசனைச் சபைக்குப் போகலாம். உரிமை யாருக்கு என்று அடித்துக்கொண்ட தொகைகள், சொத்துத் தகராறுகளை விசாரித்த சான்சரி நீதிமன்றத்தில் செலுத்தி வைக்கப்பட்டன. 'அடிமை இழப்பீட்டு வழக்கு' என்ற தலைப்பைப் பார்த்து, ஓர் அடிமை எஜமானர்மேல் போட்ட வழக்கு என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் உரிமையாளர்களும் அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் வாரிசுகளும். யாருடைய உழைப்பைக் காட்டிப் பணம் கேட்டார்களோ, அவர்களுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை.

இதே பிரிவி கவுன்சிலுக்கு வந்த இன்னொரு வகை முறையீடு, நீக்கப்பட்ட காலனி நீதிபதிகளுடையது. அந்தக் கதைகளில்தான் குழப்பம் மிக அதிகம். இங்கிலாந்து நீதிபதிகளை 1701ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்டால்தான் நீக்க முடியும். காலனி நீதிபதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் மன்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பவர். 1782இல் வந்த, 'பர்க் சட்டம்' எனப்படும் சட்டப்படி ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையும் சேர்ந்தே அவரை நீக்கலாம். காலனிப் பதவியை வாங்கி வைத்துக்கொண்டு இங்கிலாந்திலேயே உட்கார்ந்திருந்தவர்களைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது. பிறகு அது ஆளுநருக்குப் பிடிக்காத நீதிபதிகள்மேலும் பாய்ந்தது. நீக்கப்பட்டவர் பிரிவி கவுன்சிலில் முறையிடலாம்.

ஜான் வால்போல் வில்லிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1828இல் மேல் கனடாவில், அதாவது இன்றைய ஒன்டாரியோவில், நீதிபதிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். அப்புறம் அவரையே பிரிட்டிஷ் கயானாவுக்கு நீதிபதியாக அனுப்பினார்கள். அடிமை முறை முடிவுக்கு வந்த ஆண்டுகளில் அங்கே இருந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1843இல் ஆளுநர் கிப்ஸால் மறுபடியும் நீக்கப்பட்டார். 1846இல் பிரிவி கவுன்சில் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. இதைப் பார்த்து "வில்லிஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது" என்று எழுதுகிறார்கள். தீர்ப்பு சொன்னது வேறு. நீக்கப் போதுமான காரணம் இருந்தது, ஆனால் அவர் பக்கத்தைக் கேட்காமல் நீக்கியது செல்லாது என்பதுதான் அது. ரத்து என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் பாதி தீர்ப்பு விட்டுப்போகும். வான் டீமன்ஸ் லாந்தில், அதாவது இன்றைய டாஸ்மேனியாவில், கடன் விவகாரத்தில் 1847 கடைசி நாளில் நீக்கப்பட்ட அல்கெர்னான் மான்டேகு முறையிட்டபோது நீக்கம் அப்படியே நிலைத்தது.

ஆனால் ஆளுநர் கொடுமைக்காரர், நீதிபதி நேர்மையாளர் என்ற ஒரே சட்டகத்துக்குள் எல்லாரையும் அடைத்துவிடாதீர்கள். அடிமைக் காலனிகளில் நீதிபதிகளே அடிமைகளை வைத்திருந்தார்கள், அல்லது வைத்திருந்தவர்களின் உறவினர்களாக இருந்தார்கள். மொரீஷியஸில் அரசு வழக்கறிஞராக 1832இல் வந்திறங்கிய ஜான் ஜெரமி இதைத்தான் எதிர்த்தார். தோட்ட முதலாளிகள் தீவையே முடக்கி அவரைத் திருப்பி அனுப்ப வைத்தார்கள். மறு ஆண்டு படையோடு வந்தும் அவரால் நிலைக்க முடியவில்லை. சில மாதங்களில் வெளியேறினார். தீவின் உரிமையாளர்கள் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு பெற்றார்கள்.

ஜெரமி 1836இல் இலங்கைக்கு உச்ச நீதிமன்ற நீதிபதியாக வந்தார். 1833ஆம் ஆண்டுச் சட்டம் பேரரசு முழுவதற்கும் பொருந்தியது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இலங்கையையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும் அந்தச் சட்டம் விலக்கி வைத்திருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருந்த காலம். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். இந்தியாவில் 1843இல் வந்த ஐந்தாம் சட்டம், ஒரு மனிதனைச் சொத்தாகக் காட்டி வரும் எந்த உரிமையையும் நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. இங்கே எஜமானருக்கும் இழப்பீடு இல்லை, பண்ணையாளுக்கும் இல்லை.