வளரிளம் பிள்ளைக்கு ஆங்கில ஆசிரியரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் பேருந்து நிலையச் சுவர்களிலும், செய்தித்தாளுக்குள் மடித்து வைக்கப்படும் துண்டறிக்கைகளிலும் ‘முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்’ என்ற விளம்பரம் வந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலோ பிளஸ் ஒன்னிலோ பிள்ளை படிக்கும் வீட்டில், குறிப்பாகத் தாங்கள் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் வராததால் வேலையிடத்தில் பின்தங்கிய நினைவு மாறாத பெற்றோர், அந்த எண்ணை உடனே அழைக்கிறார்கள். அந்த அக்கறையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒருவர் ஆங்கில ஆசிரியரை எடைபோட வேண்டியிருப்பதால், எளிதில் கண்ணில் படுகிறவற்றை வைத்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். மாஸ்டர் மளமளவென்று பேசுகிறாரா, வகுப்பறை குளிரூட்டப்பட்டதா, சுவரில் எத்தனை சான்றிதழ்கள் மாட்டியிருக்கின்றன என்பவையே அளவுகோல்கள் ஆகின்றன. பிள்ளையின் வாயிலிருந்து எவ்வளவு ஆங்கிலம் வெளிவருகிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். என் அக்கா மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடையில், அவளுக்கான வகுப்பைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்த ஆசிரியரின் ஆங்கிலம் கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இருந்ததால் வேறு எதையும் விசாரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளுடைய குறிப்பேட்டில் பன்னிரண்டு காலங்களுக்கும் வாய்பாடுகள் இருந்தன. வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த என் நண்பர், அவள் படிக்கும் பள்ளியைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டபோது, அவளால் இரண்டு வாக்கியங்களைத் தாண்ட முடியவில்லை. அந்த இரண்டு மாதமும் பேசியவர் ஆசிரியர்தான் என்பது அன்று மாலைதான் எனக்குப் புரிந்தது.

முதல் தவறு, எதற்காக அனுப்புகிறோம் என்று தெளிவாக முடிவு செய்யாமல் அனுப்புவது. பள்ளித் தேர்வில் மதிப்பெண் எடுப்பது, தயங்காமல் பேசுவது, வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுக்குத் தயாராவது ஆகிய மூன்றும் வேறு வேறு வேலைகள். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பொதுத்தேர்வு பெரும்பாலும் எழுத்துத் தேர்வாகவே இருப்பதால், வினாத்தாள் அமைப்பை நன்கு அறிந்த டியூஷன் ஆசிரியர் ஒருவர் பிள்ளையை நல்ல மதிப்பெண் எடுக்க வைத்துவிடலாம்; அதே பிள்ளை பேச வாயெடுத்தால் நின்றுபோகலாம். அதற்காக அந்த ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமில்லை, ஏனென்றால் நாம் அவரிடம் கேட்டது மதிப்பெண்ணைத்தான். இதற்கு நேர்மாறாக, பதினான்கு வயதுப் பிள்ளையை, வெளிநாட்டுப் படிப்புக்குப் போவோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி மையத்தில் சேர்க்கும் பெற்றோரும் உண்டு. அந்தத் தேர்வு பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது; அதன் மதிப்பெண் பொதுவாக 2 ஆண்டுகளுக்கே ஏற்கப்படும். ஒன்பதாம் வகுப்பில் எழுதி வாங்கும் மதிப்பெண் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் உதவப்போவதில்லை.

அடுத்தது, கால அளவைப் பற்றிய வாக்குறுதியை நம்புவது. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொது அளவுகோல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. உலகின் பெரும்பாலான ஆங்கிலத் தேர்வுகளும் பாடநூல்களும் இன்று இதையே பின்பற்றுகின்றன. ஆசிரியரின் வழிகாட்டுதலில் கற்கும் நேரமாக, ஏ2 நிலையை எட்ட 180 முதல் 200 மணி நேரமும், பி1 நிலைக்கு மொத்தம் 350 முதல் 400 மணி நேரமும், பி2 நிலைக்கு 500 முதல் 600 மணி நேரமும் தேவைப்படலாம் என்று கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு மதிப்பிடுகிறது. அறிமுகமான விஷயங்களைப் பற்றித் தட்டுத் தடுமாறியாவது தானாகப் பேசும் நிலை பி1. ஓரளவு சரளம் என்று சொல்லத்தக்கது பி2. நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் முப்பது நாள் என்றால் முப்பது மணி நேரம்தான். நம் பிள்ளைகள் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்திருப்பதால் சுழியத்திலிருந்து தொடங்குவதில்லை என்பது உண்மை. தூங்கிக் கிடக்கும் சொற்களை முப்பது மணி நேரத்தில் தட்டி எழுப்பவும் முடியும். ஆனால் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறுவது ஓர் ஆண்டு வேலை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆசிரியர்தான் நம்பத்தக்கவர். பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்காமலே பணம் கட்டச் சொல்லும் இடத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது தவறுதான் மிகப் பரவலானது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்போல உச்சரிப்பவர், அல்லது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், இயல்பாகவே சிறந்த ஆசிரியராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறோம். மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992லேயே இந்த எண்ணத்தைப் பிழையான நம்பிக்கை என்று பெயரிட்டு எழுதினார். ஒரு மொழியைப் பேசுவது வேறு, அதைக் கற்க முயலும் பிள்ளை எங்கே இடறுகிறது என்று அறிவது வேறு. தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலத்தில் இடறும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லக்கூடியவை. ‘வந்தான்’ என்பதோடு ஓர் ஆகாரத்தைச் சேர்த்து ‘வந்தானா?’ என்று நாம் கேள்வியாக்கிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ ‘டிட்’ முன்னால் வந்து நிற்க, ‘கேம்’ என்ற வினை ‘கம்’ என்று திரும்பிவிட வேண்டும். அதனால்தான் நம் பிள்ளைகள் ‘டிட் ஹி கேம்?’ என்று கேட்கிறார்கள். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’ கூடவே வந்து ‘டிஸ்கஸ்’ என்பதன் பின் தேவையற்ற ஓர் ‘அபௌட்’ ஆகிவிடுகிறது. ‘தி’ என்ற சிறு சொல்லுக்கு நேரான சொல் தமிழில் இல்லாததால், அது வேண்டிய இடத்தில் விட்டுப்போய் வேண்டாத இடத்தில் முளைக்கிறது.

ஒலிகளிலும் இப்படித்தான். ஆடு, மேலங்கி இரண்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கோட்’. பன்றியும் ‘பிக்’, பெரியதும் ‘பிக்’. நம் எழுத்து காட்டாத வேறுபாட்டைக் காது தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம் ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசைக்கு நகர்வதும் நமக்குப் புதிது, ஏனென்றால் தமிழில் அழுத்தம் இடம் மாறுவதால் சொல் மாறுவதில்லை. இவற்றை அறிந்து, பிள்ளையின் பிழை எந்தத் தமிழ் வழக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டக்கூடிய உள்ளூர் ஆசிரியர், இதையெல்லாம் கேட்டு வியக்கும் வெளிநாட்டுக் குரலைவிடப் பல மடங்கு பயனுள்ளவர் என்பது என் உறுதியான கருத்து. அவருடைய உச்சரிப்பு தெளிவாக இருந்தால் போதும். லண்டன் உச்சரிப்பாக இருக்க வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு சொல் தமிழ் பேசினாலும் அபராதம் என்று பெருமையோடு சொல்லும் மையங்களைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதும் இதனோடு சேர்ந்ததே. பயிற்சி ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். விளக்கம் சிக்கும் இடத்தில் தமிழ் வந்து கைகொடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

தகுதிச் சான்றிதழைப் பார்க்கும்போது, அதன் பெயரைவிட அதற்குள் கற்பித்தல் பயிற்சி இருந்ததா என்பதைக் கேட்க வேண்டும். பி.எட். படிப்பில் பள்ளிக்குச் சென்று பாடம் எடுக்கும் பயிற்சி உண்டு. ஆங்கிலம் கற்பிப்போருக்காகக் கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேரப் படிப்பும், அதற்குள் மேற்பார்வையாளர் முன்னிலையில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதும் கட்டாயம். ஒரு மாணவர் முகத்தையும் பார்க்காமல் இணையத்திலேயே முடித்துவிடக்கூடிய சான்றிதழ்களும் இருக்கின்றன. எந்தச் சான்றிதழும் இல்லாத நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

மாதிரி வகுப்பைப் பார்த்துவிட்டு மயங்குவது இன்னொரு தவறு. மாதிரி வகுப்பு எங்குமே உற்சாகமாகத்தான் இருக்கும். உண்மையான பேட்ச் ஒன்றின் நடுநாளில் பின்வரிசையில் பதினைந்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் நாற்பது நிமிடம் பேசினால், எஞ்சும் இருபது நிமிடத்தை இருபத்தைந்து பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. இருவர் இருவராகவும் சிறு குழுக்களாகவும் பேச வைக்கும் வகுப்பில் அதே இருபத்தைந்து பேருக்கும் இருபது நிமிடமும் பேச்சாகவே கழியும். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் நடத்திய முயற்சி, உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் இன்றும் படிக்கும் ஒன்று. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று முடிவு செய்வது போன்ற வேலைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி படியும் என்ற கருத்தை அவர் சோதித்துப் பார்த்தார். நம் ஊர் வகுப்பறைகளில் பிறந்த இந்த அறிவை நம் ஊர் விளம்பரங்கள் கண்டுகொள்ளாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

வளரிளம் வயது என்பதை மறந்துவிடுவது மேலே சொன்ன எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். ஏழு வயதுக் குழந்தை தவறாகப் பேசிவிட்டு விளையாடப் போய்விடும். பதினைந்து வயதுப் பெண்ணோ பையனோ நாலு பேர் முன்னால் ஒருமுறை சிரிப்புக்கு ஆளானால், அடுத்த ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார்கள். ஒவ்வொரு சொல்லிலும் குறுக்கிட்டுத் திருத்தும் ஆசிரியரைக் ‘கண்டிப்பானவர்’ என்று பெற்றோர் பாராட்டுகிறோம்; பிள்ளை அவரிடம் கற்றுக்கொள்வது பேசாமல் தப்பித்துக்கொள்ளும் வழியைத்தான். பேசி முடிக்கவிட்டு, இரண்டோ மூன்றோ பிழைகளை மட்டும் எடுத்துப் பொதுவாகப் பலகையில் எழுதித் திருத்துபவரைத் தேடுங்கள். முடிவெடுக்கும் முன் பிள்ளையிடமும் கேளுங்கள். தமிழ் வழி மாணவர்களையும் ஆங்கில வழி மாணவர்களையும் ஒரே பேட்சில் கலந்து உட்காரவைக்கும்போது, யார் அமைதியாகிவிடுகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

பணத்தைப் பொறுத்தவரை, தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். மாதம் மாதம், அதிகம் போனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்கள், முழுக் கட்டணம் செலுத்திய மாணவர் இடையில் விலகினால் எஞ்சிய காலத்துக்கான தொகையைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், பட்டப்படிப்புக்குக் குறைந்த தகுதியுடையவரைப் பயிற்றுநராக நியமிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. வீட்டு மாடியில் நடக்கும் சிறு வகுப்புகளுக்கு இவை அப்படியே பொருந்தாவிட்டாலும், இவற்றைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்கவும், திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும் தடையில்லை. தனி வகுப்பாக இருந்தால் கதவு திறந்திருக்கும் அறையில், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் நடக்கட்டும். இணைய வகுப்பானாலும் பிள்ளையின் சொந்த எண்ணுக்கு இரவு நேரத்தில் செய்திகள் வரும் வழக்கம் வேண்டாம். நல்ல ஆசிரியர் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வகுப்பில் சேர்க்கும் நாளன்றே பிள்ளையை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துவிடுங்கள். தன் தெருவைப் பற்றியோ நேற்றைய நாளைப் பற்றியோ எதுவாக இருந்தாலும் சரி, தயாரித்து ஒப்பிப்பதாக மட்டும் இருக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து அதே போன்ற ஒரு பொருளில் இன்னொரு பதிவு எடுத்து, இரண்டையும் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். இடைவெளிகள் குறைந்திருக்கின்றனவா, வாக்கியங்கள் முடிகின்றனவா, தெரியாத சொல் வரும்போது நின்றுவிடாமல் வேறு வழியில் சொல்லிச் சமாளிக்க முடிகிறதா என்பதைக் கேட்டு அறிய உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாற்றம் எதுவும் இல்லையென்றால் இரண்டு பதிவுகளையும் ஆசிரியரிடமே போட்டுக் காட்டுங்கள். அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.