ரூட்டை பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாற்றும் முன் லினக்ஸ் கெர்னலைத் தயார் செய்வது எப்படி

ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) மாற்றுவது என்றதும் எல்லோரும் ஃபார்மட் செய்வதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. பழைய ரூட் (சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன்) அப்படியே இருக்கும்போதே, புது ஃபைல்சிஸ்டத்தை உங்கள் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) படிக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், அதன் பிறகு டிஸ்க்கில் கை வையுங்கள். உதாரணத்துக்கு, டெபியன் லினக்ஸ் மெஷின் ஒன்றில் எக்ஸ்ட்4 வகை ரூட்டை பிடிஆர்எஃப்எஸ் வகையாக மாற்றப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ் போன்ற வேறு ஃபைல்சிஸ்டம் என்றாலும் வழி பெரும்பாலும் இதேதான். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓடும் கெர்னலுக்கு என்ன தெரியும் என்பதை முதலில் பாருங்கள். /ப்ராக்/ஃபைல்சிஸ்டம்ஸ் ஃபைலில் பட்டியல் இருக்கும், அதில் 'நோடெவ்' என்று தொடங்கும் வரிகள் டிஸ்க் தேவைப்படாதவை, அவற்றை விட்டுவிடலாம். பிடிஆர்எஃப்எஸ் அங்கே இல்லை என்றால் உடனே ஆதரவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், அதன் மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலோடு சேரும் துண்டு) இன்னும் லோட் ஆகாமல் இருக்கலாம். /பூட் டைரக்டரியில் உங்கள் கெர்னல் பதிப்பின் பெயரோடு இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து 'கான்ஃபிக்_பிடிஆர்எஃப்எஸ்_எஃப்எஸ்' வரியைத் தேடுங்கள். 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 'எம்' என்றால் தனி மாட்யூல், 'நாட் செட்' என்றால் இல்லவே இல்லை. டெபியன் தரும் கெர்னலில் 'எம்' என்று இருக்கும். அதுவே போதும் என்பவர்கள் கம்பைல் பகுதியைத் தாண்டி நேராக இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது ரூட்டுக்கு முன் மெமரியில் ஏறும் சிறு ஃபைல்சிஸ்டம்) பகுதிக்குப் போய்விடலாம், நேரம் மிச்சம்.

சொந்தமாகக் கம்பைல் செய்பவர்கள் கெர்னல் சோர்ஸை இறக்கி விரித்து, /பூட்டில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலையே அதற்குள் '.கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஓட்டுங்கள். வெற்றுக் கான்ஃபிக்கில் இருந்து தொடங்க வேண்டாம், எதை விட்டோம் என்று தேடுவதிலேயே நாள் போய்விடும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கம்பைல் நேரத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் அந்த நிமிடம் லோட் ஆகாமல் இருக்கும் மாட்யூல் எல்லாவற்றையும் அது கழற்றி எறிந்துவிடும், அதாவது நீங்கள் எதற்காக இத்தனையும் செய்கிறீர்களோ அந்த பிடிஆர்எஃப்எஸ்ஸையே. அதனால் முதலில் 'மாட்ப்ரோப் பிடிஆர்எஃப்எஸ்' கொடுத்துவிட்டு, பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்துவிட்டு (அதற்கு விஃபேட்டும் கோட்பேஜ் 437-ம் தேவை) அப்புறம் அதை ஓட்டுங்கள்.

இனி 'மேக் மெனுகான்ஃபிக்'. 'ஃபைல் சிஸ்டம்ஸ்' பகுதிக்குள் போய் பிடிஆர்எஃப்எஸ் வரியில் 'ஒய்' அழுத்துங்கள், அடைப்புக்குள் 'எம்' போய் நட்சத்திரக் குறி வர வேண்டும். செக்சம், கம்ப்ரெஷன் போன்ற துணைப் பகுதிகளை அது தானே சேர்த்துக்கொள்ளும். 'எம்' போதாதா என்றால், டேட்டா டிஸ்க்குக்குத் தாராளமாகப் போதும். ரூட் விஷயம் வேறு. மாட்யூல் ஃபைல் இருப்பது ரூட்டில், ரூட்டைப் படிக்கவே அந்த மாட்யூல் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் இனிட்ராம்எஃப்எஸ் இருக்கிறது, அது ஒழுங்காக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இருந்தாலும் சொந்தக் கெர்னல்தான் என்றால், ரூட் ஃபைல்சிஸ்டத்தையும் டிஸ்க்கை இயக்கும் என்விஎம்இ அல்லது ஏஹெச்சிஐ டிரைவரையும் உள்ளேயே வைத்துவிடுவதுதான் நல்லது என்பேன்.

டெபியன் கான்ஃபிக்கை எடுத்தவர்கள் 'கான்ஃபிக்_சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்' வரியையும் கவனியுங்கள். அதில் டெபியனின் சான்றிதழ் ஃபைலுக்குப் பாதை இருக்கும், அந்த ஃபைல் உங்களிடம் இருக்காது, கம்பைல் பாதியில் நின்றுவிடும். மேற்கோள் குறிக்குள் இருப்பதை அழித்து வெற்றாக விடுங்கள். டீபக் இன்ஃபர்மேஷனையும் அணைத்துவிடுங்கள், பல ஜிபி மிச்சமாகும். பிறகு 'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுத்தால் டெப் பேக்கேஜ்களே கிடைக்கும், டிபிகேஜியால் இன்ஸ்டால் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் கிரப் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) மெனுவும் தானாகவே புதுப்பிக்கப்படும். செக்யூர் பூட் போட்டிருந்தால் கையொப்பம் இல்லாத உங்கள் கெர்னல் ஏறாது, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு வருவோம். முதலில் பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்யுங்கள். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் ஃபைலில் பிடிஆர்எஃப்எஸ் என்று ஒரு வரி சேர்த்து 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டுங்கள். அதோடு விட்டுவிடாமல் 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையால் உள்ளே எட்டிப் பார்த்து, 'எம்' கெர்னல் என்றால் மாட்யூல் நிஜமாகவே இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபெடோரா லினக்ஸில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட் இன்றைய மெஷினுக்குத் தேவையானதை மட்டும் சேர்க்கும். இன்று ரூட் எக்ஸ்ட்4 என்றால் நாளைக்கு வரப்போகும் ஃபைல்சிஸ்டம் அதற்குத் தெரியாது, 'ஆட்-டிரைவர்ஸ்' கொடுத்து நாமே சொல்ல வேண்டும்.

சரி, இப்போது புதுக் கெர்னலில், பழைய எக்ஸ்ட்4 ரூட்டோடே பூட் செய்யுங்கள். 'ட்ரன்கேட்' கட்டளையால் 1 ஜிபி அளவில் ஒரு வெற்று ஃபைல் உருவாக்கி, அதன் மேல் 'எம்கேஎஃப்எஸ்.பிடிஆர்எஃப்எஸ்' ஓட்டி, லூப் ஆப்ஷனோடு (ஃபைலையே டிஸ்க் போல நடத்துவது) மவுன்ட் செய்யுங்கள். ஏதாவது எழுதி, அன்மவுன்ட் செய்து, மறுபடி மவுன்ட் செய்து படித்துப் பாருங்கள். கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்'-ல் 'ரெய்டு6' என்று தொடங்கும் வரிகள் வேக அளவுகளோடு வரும், ரெய்டே (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) இல்லாத மெஷினில் இது எதற்கு என்று பயப்பட வேண்டாம். பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்தும் அந்தப் பகுதி, எந்த வழிமுறை உங்கள் சிபியூவில் வேகமாக ஓடும் என்று சோதித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் சரியாக வந்த பிறகு ரூட்டை நகர்த்துங்கள். பூட் ஆகாமல் நின்றால் திரையில் வரும் செய்தியை நிதானமாகப் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்டில் விழுந்து 'நோ சச் டிவைஸ்' என்று வந்தால் டிஸ்க்கையே காணோம் என்று தோன்றும், ஆனால் அந்த ஃபைல்சிஸ்டம் வகை தெரியாதபோதும் கெர்னல் இதே பிழையைத்தான் தரும். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்து கெர்னல் பேனிக்கில் 'அன்னோன்-பிளாக்(0,0)' வந்தால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை, டிரைவரையும், கெர்னலுக்கு ரூட் எது என்று சொல்லும் 'ரூட்=' பகுதியையும் பாருங்கள். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாதபோது கெர்னலுக்கு யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) புரியாது, பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுக்க வேண்டும். (259,2) போல எண்கள் வந்தால் டிஸ்க் தெரிகிறது, அதில் இருக்கும் ஃபைல்சிஸ்டம்தான் புரியவில்லை.

மவுன்ட் பட்டியல் இருக்கும் எஃப்எஸ்டேபில் வகையையும் யூயூஐடியையும் மாற்றும்போது கடைசி எண்ணை 0 ஆக்குங்கள், பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு பூட் நேர எஃப்எஸ்செக் (ஃபைல்சிஸ்டம் சோதனை) கிடையாது. /பூட் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷனாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அதையும் மாற்றுகிறீர்கள் என்றால் 'கிரப்-இன்ஸ்டால்' மறுபடி ஓட்டியே ஆக வேண்டும், கிரப் ஃபைல்சிஸ்டத்தைப் படிப்பது கெர்னலை வைத்து அல்ல, தன் சொந்த மாட்யூலை வைத்து. கிரப் மெனுவில் டெபியனின் பழைய கெர்னலையும் விட்டுவையுங்கள், ஆனால் அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் பிடிஆர்எஃப்எஸ் இருந்தால்தான் அவசரத்துக்கு உதவும், ஆகவே 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்' என்று எல்லாக் கெர்னலுக்கும் சேர்த்து ஓட்டிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.