போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கட்டளை வரியில் மீட்டெடுப்பது எப்படி

பழுதடைந்த தரவுத்தளத்தின் மேலேயே காப்புப் பிரதியை ஏற்றிவிடாதீர்கள். அதில் எஞ்சியிருக்கும் தரவு பின்னர் தேவைப்படலாம். வேறு பெயரில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதிலேயே மீட்டெடுங்கள்.

காப்புக் கோப்பு வெறும் எஸ்கியூஎல் உரையாக இருந்தால் பிஎஸ்கியூஎல் (psql) என்ற கட்டளை வரிக் கருவி வழியாக ஏற்ற வேண்டும். அப்போது ஆன்_எரர்_ஸ்டாப் (ON_ERROR_STOP) மாறியை 1 என அமைக்காவிட்டால், பிழை நேர்ந்த பிறகும் அக்கருவி அடுத்த வரிகளை இயக்கிக்கொண்டே போகும். திரையில் ஓடி மறைந்த பிழைச் செய்தி யார் கண்ணிலும் படாமல் போய்விடும். கஸ்டம் அல்லது டைரக்டரி வடிவக் கோப்புக்கு பிஜி_ரெஸ்டோர் (pg_restore) கருவி உரியது. அதை முதலில் லிஸ்ட் தெரிவுடன் இயக்கி, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். ஓர் அட்டவணை மட்டுமே அழிந்திருந்தால் டேபிள் தெரிவு போதும் என்று தோன்றும். ஆனால் அது அட்டவணையையும் தரவையும் கொண்டுவருமே தவிர, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களைக் கொண்டுவராது. அவற்றைத் தனியே உருவாக்க வேண்டும். பல பணிகளை ஒரே நேரத்தில் இயக்கும் ஜாப்ஸ் தெரிவு வேலையை விரைவுபடுத்தும் என்றாலும், அதை, முழு மீட்டெடுப்பையும் ஒரே பரிவர்த்தனையாகச் செய்யும் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் தெரிவுடன் சேர்க்க இயலாது.

ஒரு தரவுத்தளத்துக்குக் காப்புப் பிரதி எடுக்கும் பிஜி_டம்ப் (pg_dump) கருவியின் பிரதியில் பயனர் கணக்குகள் இரா. அவற்றை பிஜி_டம்ப்ஆல் கருவியின் குளோபல்ஸ் ஒன்லி தெரிவால் முன்னரே சேமித்திருக்க வேண்டும்.

வட்டின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு கணத்தின் நிலையைப் பிடித்த நகலிலிருந்து) மீட்பதானால், தரவுக் கோப்புறையும் வால் (WAL) எனப்படும், மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவுகளும் ஒரே கணத்தில் பிடிக்கப்பட்டவையா என்பதை உறுதிசெய்யுங்கள். மீட்கும் சர்வரின் முதன்மைப் பதிப்பும் ஸ்னாப்ஷாட் எடுத்த சர்வரின் பதிப்பாகவே இருக்க வேண்டும்; தொடங்கியதும் போஸ்ட்கிரெஸ் வால் பதிவுகளைப் படித்துத் தானே சீராகிக்கொள்ளும்.

பிஜி_டம்ப் பிரதியிலிருந்து மீட்டிருந்தால், அட்டவணைப் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை இயக்கி, முக்கிய அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையைச் சரிபார்த்த பின்னரே பெயரை மாற்றிப் பயன்பாட்டுக்கு விடுங்கள்.